ஒரு சிலிப்பர் குறையுது

நான் விழுந்தது பாசி பிடித்த படியிலும் இல்லை, மழைத் தண்ணீரிலும் இல்லை. பிரிக்பீல்ட்ஸ் பெரிய சாலையில், காலை ஒன்பது மணி வெயிலில், சாலையைக் கடக்கப் புதிதாக வெள்ளைக்கோடு அடித்திருந்த இடத்தில் விழுந்தேன். குழி இல்லை, கல் இல்லை, வாழைப்பழத் தோல்கூட இல்லை. குடித்திருந்தீர்களா என்று கேட்காதீர்கள். அப்படிக் கேட்டவர்களை எல்லாம் திட்டித் தீர்த்தாகிவிட்டது.

எனக்கு அப்போது அறுபத்து நாலு வயது. ரயில்வேயில் லைன் பார்க்கிறவனாக முப்பத்தொரு வருஷம் இருந்தவன். லைன் பார்ப்பது என்றால் வேறொன்றும் இல்லை. கையில் ஸ்பேனரும் சுத்தியலும் எடுத்துக்கொண்டு, தண்டவாளத்தோடு நடந்து, எங்கே போல்ட் தளர்ந்திருக்கிறது, எங்கே கட்டை உளுத்திருக்கிறது என்று பார்த்துக்கொண்டே போவது. சாலாக் செலாத்தான் பக்கம் தினமும் ஏழு மைல் நடந்தவன் நான். பாம்பைத் தாண்டியிருக்கிறேன், வெள்ளத்தில் நடந்திருக்கிறேன், ஒரு நாள்கூட விழுந்ததில்லை. அப்படிப்பட்டவன் பட்டப்பகலில் ரோட்டில், ஒரு லோரியும் இரண்டு பஸ்ஸும் பார்த்துக்கொண்டு நிற்க, மரம் மாதிரிச் சாய்ந்தேன். வலி அப்புறம்தான் வந்தது. முதலில் வந்தது திகைப்பு. நானா? நானா விழுந்தேன்?

ஆம்புலன்ஸில் ஏற்றிப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அவசரப் பிரிவில் மீசை அரும்பின ஒரு சின்ன டாக்டர் வந்து எப்படி விழுந்தேன் என்று மலாயில் கேட்டார். நானும் மலாயில்தான் ஏதோ பதில் சொன்னேன். அதற்குள் ஊசி போட்டுவிட்டார்கள். என்ன சொன்னேன் என்பது எனக்கே மறந்துபோயிற்று. டாக்டர் எழுதிக்கொண்டார்.

எக்ஸ்ரே எடுத்து விளக்குப் பெட்டியில் மாட்டிக் காட்டினார்கள். தொடை எலும்பின் மேல்முனை இடுப்புக் குழிக்குள் பந்து மாதிரி உட்கார்ந்திருக்கிறது. அந்தப் பந்துக்குக் கீழே ஒடுங்கலாக ஒரு கழுத்து. வயதானவர்கள் பக்கவாட்டில் விழுந்தால் முதலில் போவது அந்தக் கழுத்துதானாம். எனக்கும் அதுதான் போயிருந்தது. தகடு வைத்து ஸ்குரூ முடுக்க வேண்டும் என்றார் பெரிய டாக்டர். எனக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. இரண்டு தண்டவாளத்தைச் சேர்க்க நாங்கள் பிஷ்பிளேட் வைத்து போல்ட் முடுக்குகிறோமே, அதே வேலை. "நல்லா டைட்டா போடுங்க டாக்டர்" என்றேன். அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஆப்பரேஷனுக்குப் பத்து நாள் காத்திருந்தேன். கணுக்காலில் பட்டை ஒட்டி, கயிறு கட்டி, கட்டிலின் காலடியில் எடைக்கல்லைத் தொங்கவிட்டிருந்தார்கள். டிராக்‌ஷன் என்று பெயர். உடைந்த துண்டுகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறிவிடாமல் இழுத்துப் பிடிக்கும் வேலை. இரண்டு தடவை தேதி சொல்லி, வயிற்றைக் காயப்போட்டு, மோட்டார்சைக்கிள் விபத்துக் கேஸ் வந்ததால் தள்ளிப்போட்டார்கள். பார்க்க வந்தவர்கள் ஒவ்வொருவரும், ஏதோ தாங்களே கண்டுபிடித்த மாதிரி, "ஆனைக்கும் அடி சறுக்கும்ணே" என்றார்கள். பத்தாவது ஆள் சொன்னபோது, "ஆனை விழுந்தா ஆஸ்பத்திரிக்கு வராதுய்யா, போய்ச் சேரும்" என்று எரிந்துவிழுந்தேன். வாய் விட்டுச் சொன்ன அந்த வார்த்தை பக்கத்துக் கட்டிலிலேயே நடந்துவிட்டது.

பக்கத்துக் கட்டிலில் பாக் டோலா இருந்தார். ரிட்டயர்டு போலீஸ்காரர், எழுபது வயது, குளியலறையில் விழுந்தவர். எனக்கு உடைந்த அதே இடம்தான் அவருக்கும். இருதயம் பலவீனம் என்பதால் ஆப்பரேஷன் வேண்டாம் என்று படுக்கையிலேயே வைத்திருந்தார்கள். மகள் பொரித்துக் கொண்டுவரும் வாழைப்பழத்தில், பிசாங் கோரெங்கில், எனக்கும் பாதி தருவார். ஆறாம் நாள் அவருக்கு இருமல் கண்டது. எட்டாம் நாள் நான் எக்ஸ்ரே எடுக்கப்போய்த் திரும்பி வந்தபோது, கட்டிலில் புது விரிப்பு இருந்தது, அவர் இல்லை. வேறு வார்டுக்கு மாற்றிவிட்டார்களா என்று நர்ஸைக் கேட்டேன். அந்தப் பெண் என் கையைத் தொட்டுவிட்டுப் போனது.

டாக்டர் அப்புறம் விளக்கினார். மல்லாந்தே கிடந்தால் சளி நுரையீரலின் அடியில் தேங்கி நிமோனியா ஆகிவிடுமாம். நான் வாயைப் பிளந்தேன். உடைந்தது கால், போனது மூச்சு! குளியலறையில் ஒரு தடவை விழுந்ததற்கு ஒரு மனிதன் சாவானா? முப்பத்தொரு வருஷம் ரயிலுக்குப் பயந்தவன் நான், தரைக்குப் பயப்பட வேண்டும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை.

ஆப்பரேஷன் நல்லபடியாக முடிந்தது. மூன்றாம் நாளே எழுப்பி நிற்கவைத்தார்கள். வாக்கிங் பிரேமைப் பிடித்துக்கொண்டு வார்டுக்குள் பத்தடி நடந்தேன். வீட்டுக்கு அனுப்பும்போது, தினமும் நடக்க வேண்டும், இந்த இந்தப் பயிற்சி செய்ய வேண்டும் என்று படம் போட்ட தாள் ஒன்று கொடுத்தார்கள். அந்தத் தாளை எங்கள் வீட்டில் பத்திரமாக அலமாரியில் வைத்துப் பூட்டினார்கள்.

பாசம் என்ன செய்யும் என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். எங்களுக்கு ஒரே மகள், செல்வி. கிள்ளானில் குடியிருக்கிறாள், மருமகன் போர்ட் கிள்ளானில் கொள்கலன் லோரி ஓட்டுகிறவர். அவள் ஒரு மாதம் லீவு போட்டு வந்துவிட்டாள். ஹாலில் கட்டில். தலைமாட்டில் மணி. கட்டிலுக்கே கஞ்சி, கட்டிலுக்கே காப்பி, கட்டிலுக்கே பேப்பர்.

"அப்பா, நீங்க ஒண்ணும் அசைய வேணாம். ஒரு மணி அடிங்க, நான் ஓடியாறேன்."

"நடக்கணும்னு சொன்னாங்கம்மா."

"அவங்களுக்கென்ன, சொல்லிட்டுப் போயிருவாங்க. விழுந்தா நாமதானே பார்க்கணும்?"

வாக்கிங் பிரேமில் துண்டு காயப்போட்டார்கள். நானும் உள்ளதைச் சொல்லிவிடுகிறேன், எனக்கும் அது சுகமாகத்தான் இருந்தது. வாழ்நாள் பூராவும் நடந்தாயிற்று, இனிமேல் காலுக்கும் பென்ஷன் கொடுக்கலாமே என்று படுத்துக்கிடந்தேன்.

இன்னொரு கூத்தும் நடந்தது. ஆஸ்பத்திரித் தாளில் என் கேஸைப் பற்றிச் செருப்பு என்று ஏதோ எழுதியிருந்ததை செல்வி பார்த்திருக்கிறாள். வீட்டிலிருந்த ஜப்பான் செருப்பு அத்தனையையும் தூக்கிக் குப்பையில் போட்டாள். ரப்பர் அடி வைத்த ஷூ ஒரு ஜோடி வாங்கிவந்து, கட்டிலைவிட்டு இறங்கினாலே மாட்ட வேண்டும் என்று சட்டம் போட்டாள். வீட்டுக்குள்ளே ஷூ! சாமி படத்துக்கு முன்னால் ஷூ! என் மனைவி பாக்கியம் கன்னத்தில் போட்டுக்கொண்டு, "முருகா, நோயாளி, மன்னிச்சுக்கோ" என்று தினமும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

செல்வி கிள்ளானுக்குத் திரும்பின மறு வாரம், ஒரு நாள் காலையில், பேப்பர்காரன் வாசலில் பேப்பரை எறிந்துவிட்டுப் போனான். நாலடி தூரம். அந்த ரப்பர் ஷூவை மாட்டிக்கொண்டு எழுந்தேன். ஓரடி வைத்தேன். இரண்டாவது அடியில் இரண்டு முழங்காலும் மடங்கிக் கீழே உட்கார்ந்துவிட்டேன். வழுக்கவும் இல்லை, தடுக்கவும் இல்லை. கால் என் கால் மாதிரியே இல்லை. பட்ட காலிலே படும் என்பார்களே, அதேதான். பாக்கியம் ஓடிவந்து, என்னைப் பார்த்து, வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு அழுதாள்.

எலும்பு தப்பித்தது. ஆனால் செல்வி தப்பிக்க விடவில்லை. அன்று சாயங்காலமே வந்து நின்றாள்.

"போதும்ப்பா. இன்னொரு தடவ விழுந்தீங்க, இந்த வீட்டக் காலி பண்ணிட்டு ரெண்டு பேரும் கிள்ளான் வரீங்க. சன்னல் பக்கம் நாற்காலி போட்டுத் தரேன், உக்காந்து வேடிக்கை பாருங்க."

அவள் வீடு நாலாவது மாடி. லிப்ட் ஒரு நாள் ஓடினால் மூன்று நாள் ஓடாது. அங்கே போனால் நான் கீழே இறங்குவது ஒரே ஒரு தடவைதான், அதுவும் நாலு பேர் தோளில். கிள்ளானுக்குப் போகாமல் இருக்க வேண்டுமானால் விழக் கூடாது. விழாமல் இருப்பது எப்படி? எப்படி விழுந்தேன் என்பதே தெரியவில்லையே!

டாக்டர் என்னைப் பிசியோவுக்கு அனுப்பினார். மருந்தும் கத்தியும் இல்லாமல், பயிற்சியாலேயே உடம்பைச் சரிசெய்கிற பிரிவு அது. பெஞ்சில் இரண்டு மணி நேரம் காத்திருந்த பிறகு என்னைக் கூப்பிட்டது ஒரு யாழ்ப்பாணத்துப் பெண், முப்பது வயது இருக்கும், யோகா என்று பெயர். ஆஸ்பத்திரிப் பெண்களை நாங்கள் மிஸ்ஸி என்போம். அவளுடைய அப்பா ரயில்வே ஸ்டேஷனில் கிளார்க்காக இருந்தவராம். கிளார்க் வீட்டுப் பிள்ளை, நம்மிடமெல்லாம் அதிகாரம்தான் பண்ணும் என்று நினைத்துக்கொண்டே போனேன்.

"அங்கிள், ஒரு காலைத் தூக்கிக்கொண்டு நில்லுங்கோ பாப்பம். நான் பிடிச்சுக்கொள்ளுறன்."

"இது என்ன மிஸ்ஸி, சின்னப் புள்ளைங்க விளையாட்டு? நான் தினம் ஏழு மைல் நடந்தவன் லா."

"சரி, நில்லுங்கோவன்."

உடையாத காலில்தான் நின்றேன். ஒன்று என்று எண்ணினாள். இரண்டு என்பதற்குள் அவள் தோளைப் பிடித்துவிட்டேன். மறுபடி. ஒன்று, இரண்டு, பிடி. மறுபடி. எனக்கு வியர்த்துக் கொட்டியது. நல்ல கால் ஐயா அது! கத்தி படாத கால்!

அவள் என்னை உட்காரவைத்துப் பொறுமையாகச் சொன்னாள். மனிதனை நிமிர்த்தி வைக்க மூன்று பேர் மூளைக்குச் சேதி சொல்லிக்கொண்டே இருக்கிறார்களாம். கண் ஒன்று, காதின் உள்ளே இருக்கிற ஓர் உறுப்பு ஒன்று, பாதமும் மூட்டும் ஒன்று. வயதாக ஆகச் சேதி தாமதமாகும். சேதி வந்தாலும், தாங்கிப் பிடிக்கத் தொடையில் பலம் இருக்காது. நடந்துகொண்டே இருந்தால்தான் மூன்றும் துருப்பிடிக்காமல் இருக்கும்.

பிறகு என் பைலைப் புரட்டினாள். புருவம் சுருங்கிற்று.

"அங்கிள், முதல் தரம் விழேக்க எந்தச் செருப்புப் போட்டிருந்தனீங்கள்?"

"செருப்பா? ஷூல்ல போட்டிருந்தேன். கேன்வாஸ் ஷூ."

"அப்ப இதில ஒரு செருப்பக் காணேல்லை எண்டு எழுதிக் கிடக்கே? பேஷன்ட் சொன்னது: ஒன் ஸ்லிப்பர் மிஸ்ஸிங்."

நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

"ஐயோ, மிஸ்ஸி! நான் சொன்னது செருப்பு இல்ல! சிலிப்பர்! சிலிப்பர் கட்டை! தண்டவாளத்துக்கு அடியில குறுக்கப் போடுவாங்களே, அந்தக் கட்டை! ஒரு சிலிப்பர் குறையுதுன்னு சொன்னேன்!"

சொல்லச் சொல்லத்தான் எல்லாம் எனக்கே ஞாபகம் வந்தது. அன்றைக்கு அந்தச் சாலையில், கறுப்புத் தாரில் வெள்ளை வெள்ளையாகப் பட்டை அடித்திருந்தது. என் கால் என்னைக் கேட்காமலே பட்டைக்குப் பட்டை எட்டு வைத்தது, முப்பத்தொரு வருஷம் கட்டைக்குக் கட்டை வைத்த மாதிரி. எதிர் ஓரத்தை நெருங்கும்போது கடைசிப் பட்டை இருக்க வேண்டிய இடத்தில் இல்லை. கால் அதைத் தேடி நீண்டது. அவ்வளவுதான். வலியில் முனகிக்கொண்டே டாக்டரிடம் "சத்து சிலிப்பர் தாக் அடா", ஒரு சிலிப்பர் இல்லை, என்று சொல்லியிருக்கிறேன். மலாயில் செலிப்பார் என்றால் செருப்பு. பாவம், அவர் செருப்பு என்று எழுதிவிட்டார். அதை நம்பி என் மகள் வீட்டுச் செருப்பை எல்லாம் கொளுத்தாத குறை!

மிஸ்ஸி விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "அங்க கதவு மட்டும் நடந்து காட்டுங்கோ" என்றாள். பிரேமோடு நடந்தேன்.

"ஏன் நிலத்தையே பாக்கிறீங்கள்?"

"பார்க்காம எப்படி? கட்டை எங்க இருக்குன்னு தெரிய வேணாமா?"

சொல்லிவிட்டு நானே வாயை மூடிக்கொண்டேன். ஆஸ்பத்திரித் தரை அது. கட்டையாவது, கல்லாவது! ரிட்டயராகி ஒன்பது வருஷம், பாசாருக்கும் கோயிலுக்கும் கல்யாணத்துக்கும் நான் இல்லாத தண்டவாளத்தின் மேலேதான் நடந்துகொண்டிருந்திருக்கிறேன். அளந்து வைத்த குட்டை அடி, குனிந்த தலை. ஒருத்தரும் சொல்லவில்லை. எனக்கும் தெரியவில்லை.

"சிலிப்பர் உங்களை ஒருக்காத்தான் விழுத்தினது அங்கிள்" என்றாள் மிஸ்ஸி. "ரெண்டாந்தரம் விழுத்தினது உங்கட கட்டில்."

அன்றிலிருந்து மூன்று மாதம். நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் எழுந்து உட்காருவது பத்துத் தடவை. சமையலறை மேடையைப் பிடித்துக்கொண்டு நண்டு மாதிரிப் பக்கவாட்டில் நடப்பது. ஒரு காலின் குதியை மறுகாலின் விரலுக்கு முன்னால் ஒட்டிவைத்து, அடிமேல் அடி வைத்து நடப்பது. அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்பதை நான் உண்மையாகவே கால்களால் படித்தேன். இவை போக, காலையும் மாலையும் எங்கள் சந்தில் நடை. தலை நிமிர்ந்திருக்க வேண்டும், கண் தூரத்தில் ஒரு பொருளைப் பார்க்க வேண்டும். சந்து முனையில் பூக்கடை இருந்தது. அங்கே தொங்கும் மாலைகளைப் பார்த்துக்கொண்டே நடப்பேன். முதல் வாரம் தலை நிமிர்ந்தால் தரை காணாமல்போன மாதிரி இருந்தது.

பாக்கியம் ஒரு நாள் தவறாமல் கூட வந்தாள். என் இடது முழங்கைக்கு மேலே இறுக்கிப் பிடித்துக்கொண்டு, என் அடிக்கு அடி வைத்து நடந்தாள். பூக்கடைக்காரி, "பாருங்க, கட்டுன பொண்டாட்டின்னா இப்படி இருக்கணும்" என்று வாடிக்கைக்காரர்களிடம் காட்டுவாள். எனக்குப் பெருமையாகவும் இருந்தது, மானக்கேடாகவும் இருந்தது. பிரேம் போய்க் கைத்தடி வந்தது. கைத்தடியும் போனது. பாக்கியத்தின் பிடி மட்டும் போகவில்லை.

மூன்றாம் மாதக் கடைசியில் மிஸ்ஸி பரீட்சை வைத்தாள். ஒற்றைக்காலில் நின்றேன். பத்துவரை எண்ணினாள், நான் அசையவில்லை. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, வெட்கமில்லாமல் சொல்கிறேன். கிள்ளான் நாற்காலி இனி காலியாகவே கிடக்கட்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

அன்று மாலை சந்தில் நடக்கும்போது பாக்கியத்திடம் சொன்னேன்.

"கைய விடு. ஞாயித்துக்கிழம செல்வி வருவா, தனியா நடந்து காட்டணும்."

"இருக்கட்டுங்க, பிடிச்சுக்கிறேன்."

"விடுன்னா விடு! நான் என்ன கைக்குழந்தையா?"

அவள் விடவில்லை. எனக்குக் கோபம் வந்துவிட்டது. கையை உதறினேன். உதறிவிட்டு, தலை நிமிர்ந்து, மாலைகளைப் பார்த்துக்கொண்டே விறுவிறுவென்று நடந்தேன். இருபதடி நடந்திருப்பேன். எவ்வளவு நல்லா நடக்கிறேன், பார்த்தாயா என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் எதிரே பூக்கடைக்காரி, "ஐயோ, அக்கா!" என்று கத்திக்கொண்டு என்னைத் தாண்டி ஓடினாள்.

திரும்பிப் பார்த்தேன். பாக்கியம் நடுச்சந்தில் உட்கார்ந்திருந்தாள். ஒரு கையைத் தரையில் ஊன்றி, மறுகையால் சேலையைக் காலுக்கு இழுத்துவிட்டுக்கொண்டு இருந்தாள். முகத்தில் வலியைக் காட்டிலும் மாட்டிக்கொண்ட கள்ளத்தனம்தான் தெரிந்தது.

"எதுல தடுக்குன? என்ன ஆச்சு?"

"ஒண்ணும் தடுக்கலங்க."

"பின்ன?"

"நீங்க கைய உதறிட்டீங்க."

எனக்குப் புரியவில்லை. "நீதான என்னப் பிடிச்சிருந்த?" என்றேன்.

"நான் எங்கங்க உங்களத் தாங்கிப் பிடிச்சேன்?" என்றாள் பாக்கியம். "உங்களப் பிடிச்சுக்கிட்டுல்ல நான் நடந்தேன்."

மூன்று மாதம்! தினம் இரண்டு வேளை! பக்கத்திலேயே நடந்தவளை நான் ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. முதலில் தரையைப் பார்த்தேன், அப்புறம் பூக்கடையைப் பார்த்தேன்.

ஞாயிற்றுக்கிழமை செல்வியிடம் நானே சொல்லிவிட்டேன். பாக்கியம் கண்ணால் கெஞ்சினாள், ஆனாலும் சொன்னேன். பாக் டோலாவின் கட்டிலில் புது விரிப்பைப் பார்த்தவன் நான், இதை மறைத்துக்கொண்டு என்னால் இருக்க முடியாது. செல்வி கிள்ளான் பேச்சை எடுப்பாள் என்று எதிர்பார்த்தேன். அவள் அம்மாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். பிறகு, "அம்மாவ மிஸ்ஸிகிட்ட கூட்டிட்டுப் போலாம்ப்பா" என்று மட்டும் சொன்னாள்.

புதன்கிழமை மூன்று பேரும் போனோம். மிஸ்ஸி புது அட்டை எடுத்தாள். செல்வி தன் நாலாவது மாடி வீட்டைப் பற்றிக் கேட்டாள். அம்மா நாலு மாடி ஏறி உட்காருவதைக் காட்டிலும் தரையில் நடப்பதுதான் நல்லது, இருவரும் இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும் என்று செல்வியிடம் சொன்னாள். செல்வி தலையாட்டினாள். எனக்கு மூச்சு வந்தது. பிறகு மிஸ்ஸி பாக்கியத்தின் பக்கம் திரும்பினாள்.

"அன்ரி, இந்த ஒரு வருஷத்தில எத்தினை தரம் விழுந்தனீங்கள்? பயப்பிடாமல் சொல்லுங்கோ."

பாக்கியம் என்னைப் பார்த்தாள், மகளைப் பார்த்தாள். நாலு விரலைக் காட்டினாள். வீட்டுக் குளியலறையில் இரண்டு தடவை. அன்றுவரை எங்களிடம் மறைத்தது அது. சந்தில் நான் கையை உதறினபோது ஒன்று.

"அது மூணுதானே அன்ரி. மற்றது?"

"அது இங்கதான் மிஸ்ஸி, வெளி வாசப்படியில" என்றாள் பாக்கியம். "இவரை ஆப்பரேஷனுக்கு உள்ள கொண்டுபோன அன்னைக்கு."

செல்வி அழ ஆரம்பித்தாள். அன்றைக்கு மயக்கம் தெளிந்து நான் கண்ணைத் திறந்தபோது கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று, ஒரு கையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு, எல்லாம் நல்லபடியா முடிஞ்சுச்சுங்க என்று சிரித்தது இவள்தான்.